கிராஷ் கருவியின் ஃபைல்ஸ் கட்டளையில் கோப்பு வகையைக் கொண்டு வடிகட்ட வழி சேர்ப்பது எப்படி?

எடைமேடை (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப்புறத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். லோரிகளை நிறுக்கும் எடைமேடைக் கணினி லினக்ஸில் இயங்குகிறது. எடைகாட்டி அதனுடன் சீரியல் போர்ட் வழியாகவும், அலுவலகத் தரவுத்தளம் சாக்கெட் வழியாகவும் இணைந்துள்ளன. கணினி அவ்வப்போது உறைந்து போவதால், கேடம்ப் (லினக்ஸின் மையமான கெர்னல் செயலிழக்கும்போது நினைவகத்தைப் பதிவுசெய்யும் வசதி) எடுத்துவைக்கும் நினைவகப் பதிவை, அத்தகைய பதிவுகளை ஆராய உதவும் கிராஷ் கருவியில் திறந்து, உறைந்த நேரத்தில் எந்த நிரல் எந்தச் சாதனக் கோப்பையும் எந்தச் சாக்கெட்டையும் பிடித்திருந்தது என்று பார்க்கிறேன்.

ஒரு கட்டளையை ஒவ்வொரு நிரலுக்கும் இயக்கும் ஃபோர்ஈச்சுடன், திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் ஃபைல்ஸைச் சேர்த்து, ஃபோர்ஈச் ஃபைல்ஸ் என்று கொடுத்தால் எல்லா நிரல்களின் எல்லாக் கோப்புகளும் வந்து குவிகின்றன. கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் தரும் கிரெப்புக்கு அனுப்பிச் சலித்தால், நிரலின் எண்ணும் பெயரும் உள்ள தலைப்பு வரி கழிந்துவிடுவதால், எஞ்சும் வரி யாருடையது என்றே தெரிவதில்லை. ஆகவே ‘-டி’ (ஆங்கில t) என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்து, அதற்குப் பின் வகைகளைக் காற்புள்ளியிட்டு எழுதினால் அவை மட்டும் வரும்படி செய்ய எண்ணுகிறேன். பயனர் கேட்கும் வகைகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்து, ஐநோடின் (ஒரு கோப்பைப் பற்றிய விவரங்களைக் கெர்னல் வைத்திருக்கும் அமைப்பு) மோட் புலத்துடன் (கோப்பின் வகையும் அனுமதிகளும் உள்ள எண்) ‘அண்ட்’ (இரண்டிலும் 1 ஆக உள்ள பிட்டுகளை மட்டும் எடுப்பது) செய்து, சுழியம் வராதவற்றை அச்சிடலாம் என்பது என் திட்டம். இதைத் தனி எக்ஸ்டென்ஷனாக (கிராஷில் தனியே ஏற்றும் கூடுதல் நிரலாக) எழுதுவது நல்லதா, மூல நிரலிலேயே கைவைப்பது நல்லதா?

கூலிம்_கெர்னல்:

வணக்கம் ஐயா. முதலில் அந்த ‘அண்ட்’ திட்டத்தைக் கைவிடுங்கள். கோப்பு வகை என்பது மோட் புலத்தின் மேல் நான்கு பிட்டுகளில் எழுதப்பட்ட ஓர் எண்ணே தவிர, வகைக்கு ஒன்றாக ஒதுக்கிய பிட்டுகளின் தொகுப்பு அல்ல. எண்ம முறையில் (எட்டை அடிமானமாகக் கொண்ட முறை) சாதாரணக் கோப்புக்கு 0100000, கோப்புறைக்கு 0040000, சாக்கெட்டுக்கு 0140000. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருவதைக் கவனியுங்கள். அதாவது, கோப்புறைகளை மட்டும் கேட்டவருக்கு உங்கள் வடிகட்டி சாக்கெட்டுகளையும் சேர்த்துக் கொடுக்கும். உங்களுக்கு வேண்டிய கேரக்டர் சாதனம் 0020000. பிளாக் சாதனம் 0060000, குறியீட்டு இணைப்பு 0120000. இவ்விரண்டிலும் அந்த 2 ஒளிந்திருப்பதால் அவையும் உள்ளே நுழைந்துவிடும்.

சரியான வழி எளிமையானதுதான். மோட் மதிப்பை 12 பிட்டுகள் வலப்புறம் நகர்த்தினால் 0 முதல் 15 வரையிலான ஓர் எண் கிடைக்கும்: பைப் 1, கேரக்டர் சாதனம் 2, கோப்புறை 4, பிளாக் சாதனம் 6, சாதாரணக் கோப்பு 8, இணைப்பு 10, சாக்கெட் 12. ஒன்றை அந்த எண்ணளவு இடப்புறம் நகர்த்தினால் வகைக்கு ஒரு தனிப் பிட் அமையும். பயனர் எத்தனை வகைகளைக் கேட்டாலும் 16 பிட்டுகளில் அடங்கிவிடும். அதன் பிறகு ‘அண்ட்’ செய்வதில் தடையில்லை.

எக்ஸ்டென்ஷனா, மூல நிரலா என்ற கேள்விக்கு என் பரிந்துரை மூல நிரலே. ஃபோர்ஈச் தன்னோடு சேர்ந்து இயங்கக்கூடிய கட்டளைகளை ஒரு நிலையான பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் எக்ஸ்டென்ஷனில் எழுதும் புதிய கட்டளையை அது ஏற்காது. நிரல்களின் பட்டியலில் நீங்களே ஒவ்வொன்றாகச் சுற்றிவர வேண்டியிருக்கும். ஃபைல்ஸ் கட்டளை ஃபைல்சிஸ்.சி கோப்பில் இருக்கிறது. அதில், கேட்ட பெயர் அல்லது எண்ணுக்குப் பொருந்தும் கோப்புகளை மட்டும் காட்டும் ‘-ஆர்’ (பெரிய R) விருப்பம் நடத்தப்படும் விதத்தைப் படித்துப் பாருங்கள். பொருந்தும் கோப்பு ஒன்றாவது கிடைத்தால்தான் அது அந்த நிரலின் தலைப்பை அச்சிடுகிறது. உங்களுக்கு வேண்டிய ஒழுங்கும் அதுவே.

வடிகட்டியை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கண்டறிய, டென்ட்ரியிலிருந்து (பாதையில் உள்ள ஒரு பெயரைக் குறிக்கும் கெர்னல் அமைப்பு) அதன் தாய் டென்ட்ரிக்கு, அங்கிருந்து அதன் தாய்க்கு என்று மேலேறிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் சுருக்கப்பட்ட பதிவிலிருந்து நினைவகத்தைப் படிக்க வேண்டும். வகையை அறிய ஐநோடில் இரண்டு பைட்டுகள் போதும். ஆகவே வகையை முதலில் பார்த்து, பொருந்தாததை அங்கேயே விட்டுவிட்டுப் பிறகு பாதையைத் தேடுங்கள். ரேம்பில் குலைகளைத் தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் அவித்துப் பிழிந்த பின் காயைத் தேடுவதில் பயனில்லை என்பதை ஆலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழையமுனையம்:

சாக்கெட்டுகளுக்கு மட்டும் என்றால் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கிராஷின் நெட் கட்டளையை ‘-எஸ்’ (சிறிய s) விருப்பத்துடன் கொடுங்கள். சாக்கெட்டின் குடும்பம், வகை, இரு முனைகளின் முகவரி, போர்ட் எண் ஆகியவை வரும். ஃபோர்ஈச்சும் இதை ஏற்கும். தரவுத்தள இணைப்பைத் தேடுபவருக்கு ஃபைல்ஸ் தரும் ஒற்றை வரியைவிட இது பயனுள்ளது. சாதனக் கோப்புகளுக்கு வடிகட்டி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எடைமேடை (சுங்கை சிப்புட்):

இருவருக்கும் நன்றி. நெட் கட்டளை தரவுத்தளப் பக்கத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. வடிகட்டியைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஈபோல் (பல கோப்புகளின் நிகழ்வுகளுக்காகக் காத்திருக்க உதவும் வசதி) போன்றவற்றின் வகை ‘அறியப்படாதது’ என்று வருகிறதே, அவற்றைப் பயனர் எப்படிக் கேட்பது? வேண்டாத வகைகளைத் தள்ளுவதற்கு, வகையின் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி இடலாமா?

கூலிம்_கெர்னல்:

ஈபோல், ஈவென்ட்எஃப்டி முதலியவை பெயரற்ற ஐநோடு ஒன்றைப் பயன்படுத்துகின்றன. பல கெர்னல் வெளியீடுகளில் அதன் மோட் புலத்தில் வகை எண்ணே இருப்பதில்லை. நகர்த்திய பின் 0 வரும். நான் சொன்ன முறையில் 0 என்பதற்கும் ஒரு பிட் இருப்பதால், கிராஷ் அச்சிடும் அதே சுருக்கப் பெயரையே விருப்பத்தின் மதிப்பாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள். திரையில் பார்த்ததை அப்படியே தட்டச்சு செய்தால் வேலை செய்ய வேண்டும். தெரியாத பெயர் வந்தால் வெறும் பட்டியலைக் காட்டாமல் பிழைச்செய்தி கொடுங்கள். இல்லையெனில் எழுத்துப்பிழை செய்தவர், அந்த நிரல் எதையுமே திறக்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

ஆச்சரியக்குறி வேண்டாம். கிராஷில் வரியின் தொடக்கத்தில் அது வந்தால் ஷெல் கட்டளை என்று பொருள். அந்தக் குறிக்கு இன்னொரு வேலையைக் கொடுத்துக் குழப்புவதைவிட, தள்ளுவதற்கெனத் தனி எழுத்து ஒன்றை ஒதுக்குங்கள். உண்மையில் அந்த வசதியை முதல் திருத்தத்தில் சேர்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. ‘-ஆர்’ விருப்பமும் ‘-டி’ விருப்பமும் ஒன்றாக வந்தால் இரண்டுக்கும் பொருந்துவதை மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒரே நிரலின் த்ரெட்டுகள் (அதற்குள் இணையாக இயங்கும் இழைகள்) பொதுவாகத் திறந்த கோப்புகளின் அட்டவணையைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே ஃபோர்ஈச்சில் ஒரே சீரியல் போர்ட் பல முறை வந்தால், அதைப் பல நிரல்கள் பிடித்திருப்பதாகக் கொள்ளாதீர்கள். நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் ‘-ஜி’ (பெரிய G) விருப்பத்தைக் கொடுத்துத் த்ரெட் குழுவின் தலைமை நிரல்களை மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள். திருத்தத்தை அனுப்பும்போது ஹெல்ப்.சி கோப்பில் உள்ள ஃபைல்ஸ் விளக்கத்தில் புதிய விருப்பத்தையும், அதன் வெளியீட்டு மாதிரி ஒன்றையும் மறவாமல் சேர்த்துவிடுங்கள்.