இறா தலையைக் குப்பையில போட்ட நாள்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பரங்கிப்பேட்டை மருமகள்:
நான் சேலத்துப் பக்கம். எங்க வீட்டுல ஞாயிறுன்னா கறி, எப்பவாவது ஏரி மீன். கல்யாணமாகி ரெண்டாவது வாரம் மாமனார் வெள்ளாத்து இறா ஒரு கிலோ வாங்கி வந்து அடுப்படியில வச்சுட்டுப் போயிட்டார். அத்தை வெளியில போயிருந்தாங்க. நாமளே ஆஞ்சு வச்சிருவோம்னு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. கொம்பு குத்தி ரெண்டு விரல்ல ரத்தம். தலை, ஓடு, கால் எல்லாத்தையும் பேப்பர்ல சுருட்டிக் குப்பைக்கூடையில போட்டுட்டு, சதையை மட்டும் மஞ்சள் போட்டு நாலு தண்ணி அலசி வச்சேன்.

அத்தை வந்து சட்டியைப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. நேரா கூடைகிட்ட போய்க் குந்தி, பேப்பரைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டு, தலையா பார்த்து ஒண்ணொண்ணா பொறுக்கினாங்க. கழுவி, ஒரு கரண்டி நல்லெண்ணெயில செவக்க வதக்கி, அம்மியில நசுக்கி, வெந்நீர் விட்டு வேட்டித் துணியில பிழிஞ்சாங்க. பழுத்த பப்பாளி நிறத்துல சாறு. அதை ஊத்தித்தான் குழம்பு கூட்டினாங்க. அந்த மாதிரி ஒரு குழம்பை நான் அதுக்கு முன்னாடி சாப்பிட்டதே இல்லை.

இப்ப மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்கு இறா வந்தா அவங்களேதான் ஆயுறாங்க. என் கையில கொடுக்கிறதே இல்லை. திட்டியிருந்தாக்கூட அன்னைக்கே மறந்திருப்பேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

ஞாயிறு சமையல்:
எனக்கு மனசு ஆறாதது வேற. சென்னையில தனியா இருந்தப்போ, தடைக்காலத்துல, காசிமேட்டுக்கு விடியக்காலை போய் நாட்டுப்படகு இறா ரெண்டு கிலோ வாங்கினேன். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, விலை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்படியே பையோட ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். மறுநாள் சாயங்காலம் திறந்தா தலையெல்லாம் கருப்பு, ஓட்டு ஓரமெல்லாம் கருப்புக் கோடு. கெட்டுப்போச்சுன்னு மொத்தத்தையும் கொட்டிட்டேன். அப்புறமாத்தான் ஒரு மீன்காரம்மா சொன்னாங்க, கருப்பு விழுந்தா கெட்டதுன்னு அர்த்தமில்லையாம். அந்த ரெண்டு கிலோவை நெனைச்சா இன்னும் வயிறு எரியுது.

முத்துநகர்:
தம்பி, அந்த அம்மா சொன்னது பாதிதான் சரி. தலையில இருக்கிற ஒரு நொதியும் காத்தும் சேர்ந்துதான் அந்தக் கருப்பு. ஆப்பிளை நறுக்கி வச்சா நிறம் மாறுதே, அதே மாதிரி. கருப்பை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது. மோந்து பாருங்க. அமோனியா நெடி மூக்குல ஏறினாலோ, சதை கொழகொழன்னு இருந்தாலோ கொட்டினதுதான் சரி. ஒரு நாள் முழுக்கத் தலையோட, ஐஸ் இல்லாம இருந்திருக்கு. தலைக்குள்ள இருக்கிற செரிமான நீர் கசிஞ்சு கழுத்துப் பக்கச் சதையைத்தான் முதல்ல கரைக்கும். அதனால கொட்டினது தப்பாவும் இல்லாம இருக்கலாம்.

என் கதை சின்னது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த வாரம். அம்மா ஊர்ல இல்லை. இறான்னா அவருக்கு உசுரு. நல்லா வேகட்டும்னு இருபது நிமிஷம் மூடி வச்சு வேக வச்சேன். அவர் ஒரு துண்டை வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னார். அப்புறம் மிச்சத்தைச் சோத்துக்கு அடியில ஒதுக்கினார், நான் பார்க்கக் கூடாதுன்னு. நான் பார்த்துட்டேன்.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். இறா வேக மூணு நாலு நிமிஷம் போதும். ஓட்டோட பெரிய இறான்னா இன்னும் ரெண்டு நிமிஷம். கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாகி, லேசா வளைஞ்சா எடுத்துருங்க. தலையும் வாலும் தொட்டுக்கிற அளவுக்குச் சுருண்டா ரப்பர்தான். குழம்புன்னா புளியும் மசாலாவும் பச்சை வாசனை போய்க் கொதிச்ச பிறகு, கடைசியில போடுங்க. வறுவல்னா சட்டி நல்லாக் காயணும், ஒரே நேரத்துல முழுசையும் கொட்டாதீங்க. தண்ணி விட்டுக்கிட்டு அதுலயே அவிஞ்சு போகும். வாங்கும்போது கவுண்ட் கேளுங்க. 30 கவுண்ட்னா கிலோவுக்கு 30 இறா. தலை, ஓடு போனா கிலோவுக்குச் சதை சுமாரா பாதிதான் தேறும், அதை மனசுல வச்சு விலை பேசுங்க. இன்னைக்குக் கடையில ஒரே அளவா பளிச்சுன்னு கிடக்கிறதுல பெரும்பாலும் வனாமி, பண்ணையில வளர்க்கிறது. 2009-லதான் நம்ம நாட்டுல அதை வளர்க்க அனுமதி கொடுத்தாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா கடல் வெள்ளை இறா ருசி வேற. உரிச்ச பிறகு நாலு தண்ணி அலசாதீங்கம்மா, ருசியெல்லாம் தண்ணியோட போயிரும். ஓட்டோட ஒரு தடவை, உரிச்சு ஒரு தடவை. மஞ்சள் போட்டு ஊற வச்சா எந்த ஒவ்வாமையும் வராது.

கோவை அம்மா:
மேல இருக்கிற கடைசி வரியைத் தயவுசெஞ்சு யாரும் நம்பாதீங்க. அதைப் படிச்சதும் கை நடுங்குது.

என் சின்னவனுக்கு அப்போ நாலு வயசு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை இறா சாப்பிட்டு உதட்டைச் சுத்திச் சிவந்திருந்தது. அதனால அன்னைக்கு இறா துண்டே வைக்கலை, குழம்பை மட்டும் வடிச்சு ரெண்டு ஸ்பூன் சாதத்துல பிசைஞ்சு கொடுத்தேன். மஞ்சள் போட்டுத்தான் கழுவினேன், நல்லாக் கொதிக்கவும் வச்சேன். பத்து நிமிஷத்துல "அம்மா, கழுத்துக்குள்ள அரிக்குது"ன்னான். உதடு வீங்க ஆரம்பிச்சது. அந்த "உள்ள" என்கிற வார்த்தைதான் எனக்குக் காதுல இன்னும் இருக்கு. ஆட்டோவுல போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சு விசிலடிச்சது. ஆஸ்பத்திரியில அட்ரினலின் ஊசி போட்டுத்தான் சரியாச்சு.

இறாவுல இருக்கிற ட்ரோபோமயோசின்ங்கிற புரதம்தான் பெரும்பாலும் காரணம்னு டாக்டர் சொன்னார். கொதிக்க வச்சாலும் அது அழியாது, குழம்புல இறங்கி நிக்கும். சிலருக்கு வேகிற ஆவி பட்டாலே போதுமாம். நண்டுலயும் அதே வகைப் புரதம் இருக்கு. மஞ்சள் கவிச்சியைப் போக்கும், இதைப் போக்காது.

முத்துநகர்:
மன்னிச்சுக்கோங்கம்மா. எங்க வீட்டுல பெரியவங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேன். அந்த வரியை யாரும் எடுத்துக்க வேண்டாம்.

வடமராட்சியான்:
நான் இப்ப கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். ஐயா, எங்கட அப்பா, ஊரில இருந்து வந்து நிண்ட நேரம் ஒடியற்கூழ் காய்ச்சுவம் எண்டு வெளிக்கிட்டன். காய வச்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிற எங்கட யாழ்ப்பாணத்துக் கூழ் அது. ஒடியல் மா அவரே கொண்டு வந்தவர். பயத்தங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி, நண்டு, மீன்தலை எல்லாம் தேடிப்பிடிச்சுப் போட்டன். றால் மட்டும் கோது கழட்டி, தலை இல்லாமல், உறைய வச்ச பக்கெற்றில கிடந்ததை வாங்கினன். வேலை மிச்சம் எண்டு நினைச்சன்.

பிலாவிலை இல்லை, கோப்பையிலதான் வாத்துக் குடுத்தன். ரெண்டு முடறு குடிச்சார். கோப்பைக்குள்ள மூண்டு றால் மிதக்குது. அதைப் பாத்துக்கொண்டே, "றால் போட்டனியோ தம்பி?" எண்டு கேட்டார். பகிடிக்குக் கேக்கேல்ல. மனுசன் உண்மையாத்தான் கேட்டவர்.

பரங்கிப்பேட்டைத் தங்கச்சி, உங்கட மாமி குப்பைக்குள்ள இருந்து பொறுக்கினது ஏனெண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

நாகூர்ப் பொண்ணு:
ஓட்டை எடுக்கணுமா வேணாமான்னு இவ்வளவு பேசுறீங்க, எங்க ஊரு வாடாவை யாரும் சொல்லலையே. வடை இல்லை, வாடா. அரிசி மாவை வட்டமா தட்டி, மேல ஓட்டோட ஒரு இறா வச்சுப் பொரிப்பாங்க. எங்க நன்னி, அதான் பாட்டி, இறாவைக் கட்டைவிரலால மாவுல அமுக்குற அந்த ஒரு அமுக்கு எனக்கு இன்னும் வரலை. லேசா அமுக்கினா எண்ணெயில கழண்டு மிதக்குது, பலமா அமுக்கினா மாவு கிழியுது. அவங்க போட்டதுல ஒண்ணுகூட கழண்டதில்லை. ஓடு மொறுமொறுன்னு பப்படம் மாதிரி நொறுங்கும். பொடி இறாவுக்கு முதுகு நரம்பு எடுக்கிறேன்னு உட்கார்ந்தா விடிஞ்சிரும். அதுக்கெல்லாம் தேவையே இல்லை.

உப்பங்கழி:
தேவையில்லைன்னு எல்லாத்துக்கும் சொல்லிட முடியாதுங்க. அது நரம்பே இல்லை, குடல். பெரிய இறாவுல மண்ணு நறநறன்னு பல்லுல படும். எனக்கு அதை எடுக்கச் சொல்லிக் கொடுத்தது பிச்சாவரம் பக்கத்து இருளர் அக்கா ஒருத்தர். கழியில இடுப்பளவு தண்ணியில குந்தி, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கிட்டே போவாங்க. வலை கிடையாது. ஓலையில பின்னின பறியைப் பல்லால கடிச்சுத் தொங்கவிட்டுக்கிட்டு, கைக்கு அகப்படுற இறாவை அதுல போட்டுக்கிட்டே நகருவாங்க. கரையேறினதும் அதே கையாலதான் எனக்குக் காட்டினாங்க. தலையைப் பிடிச்சு ஒரு திருகு, மெதுவா ஒரு இழுப்பு. குடல் முழுசா நூல் மாதிரி தலையோடவே வந்துச்சு. இறா அப்ப உசுரோட இருந்துச்சு, உள்ளங்கையில வச்சா ரேகை தெரியுற அளவுக்குக் கண்ணாடி. அவங்க விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, கொம்பு கீறின கோடு கோடா இருந்துச்சு.

ஐஸ் இறாவுல இந்த இழுப்பு வராது, பாதியிலயே அறுந்துடும். அதுக்கு முதுகுல ரெண்டாவது, மூணாவது கணுவுக்கு நடுவுல ஒரு ஊசியைக் குத்தித் தூக்குங்க. ஓட்டை எடுக்காமலே வந்துடும்.

ஞாயிறு சமையல்:
அக்கா, தலைச்சாறு எடுக்கும்போது எனக்கு லேசா கசக்குது. உங்க அத்தைகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?

பரங்கிப்பேட்டை மருமகள்:
இன்னைக்குக் காலையில கேட்டேன். "யாரு கேக்குறா?"ன்னாங்க. போன்ல இதைப் படிச்சுக் காட்டினேன். யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதினதை ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாங்க.

தம்பி, அத்தை சொன்னது இதுதான். முதல்ல கொம்பையும் கண்ணையும் கத்தரியால வெட்டிடணும். தலைக்குள்ள முன்பக்கமா கருப்பா ஒரு சின்னப் பை இருக்கும், இறாவோட இரைப்பை. கத்தரி முனையால அதைக் கிள்ளி எடுத்துடணும், கசப்பும் மண்ணும் அதுலதான். ஆரஞ்சா கொழகொழன்னு இருக்கிறதைத் தொடவே கூடாது, ருசி அதுதான். வதக்கும்போது தீ அதிகமாகி ஓடு கருகினாலும் கசக்குமாம். இன்னொண்ணு, பிடிச்ச அன்னைக்கே ஆஞ்ச தலையா இருக்கணும். கருத்த தலையில சாறு எடுக்காதேன்னாங்க.

அரைக்கிலோ வாங்கியிருந்தாங்க. சதையை அவங்க ஆஞ்சாங்க. தலையை ஒரு தட்டுல போட்டு, கத்தரியோட என் பக்கம் தள்ளினாங்க. பதினேழு தலை. மூணு பையை உடைச்சுட்டேன்.