28 மி.மீ. வட்டம்: ஷிராசி அவிஷான் ஜெயித்ததா?

ஷிராஸ்_ரிட்டர்ன்: பாரசீக மூலிகை எல்லாம் வெறும் வாசனைச் சரக்கு, கிருமி முன்னால் நிற்காது என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஈரானில், ஷிராஸ் நகரத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே இருமல் வந்தால் அவிஷான் என்ற மணமூலிகையில் கஷாயம். கண்பட்டால் எஸ்பந்து விதையைத் தணலில் போட்டுப் புகை. கொண்டுவந்த அவிஷான் எண்ணெயை என் மைத்துனர் மகள் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தாள். கிருமி வளராத வட்டம் 28 மி.மீ. பக்கத்தில் வைத்த ஆன்டிபயாடிக்குக்கு 22. போதுமா?

அகார்தட்டு: எண்ணெய் எவ்வளவு விட்டாள்?

ஷிராஸ்_ரிட்டர்ன்: 10 மைக்ரோலிட்டர். அதனால் என்ன? வட்டம் 28.

அகார்தட்டு: 10 மைக்ரோலிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 9 மில்லிகிராம் இருக்கும். தட்டில் வைக்கிற ஆன்டிபயாடிக் காகித வில்லைகள் பலவற்றில் இருப்பது 30 மைக்ரோகிராம். 300 மடங்கு ஊற்றிவிட்டு 6 மி.மீ. அதிகம் என்று மேளம் அடிக்கிறீர்கள். அவிஷானில் இருக்கும் தைமாலும் கார்வக்ராலும் ஆவியாகிற சரக்கு. மூடிய தட்டுக்குள் ஆவியாகவும் பரவும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ பெரிய மூலக்கூறு, தட்டில் இருக்கும் அகார் கூழில் மெல்லத்தான் நகரும், வட்டம் சின்னதாகவே வரும். அது மட்டமான மருந்தா? எண்ணெயைக் கரைத்து, பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை கிருமி வளரவில்லை என்று பாருங்கள். அதுதான் கணக்கு. சரி, எதில் கரைத்தாள்? கிருமியைத் தடுத்தது கரைப்பானே இல்லை என்று தெரிய, அதை மட்டும் விட்ட வில்லை ஒன்று வைத்தாளா?

ஷிராஸ்_ரிட்டர்ன்: கேள்வி மேல் கேள்வி வேண்டாம். 28 பெரிதா, 22 பெரிதா?

ஓமப்பொடி: அதே தைமால் நம் ஓமத்திலும் இருக்கிறது. இதற்கு ஷிராசுக்கு விமானம் ஏறணுமா?

ஷிராஸ்_ரிட்டர்ன்: ஓமம் வேறு செடி, அங்கே அதற்கு ஜென்யான் என்று பெயர். இங்கே முன்பு நடந்த மஞ்சள் விவாதத்தில் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

ஓமப்பொடி: அதில் பாதியிலேயே ஓடியது யார் என்று ஊருக்கே தெரியும்.

ஷிராஸ்_ரிட்டர்ன்: ஆயிரம் வருடம் முன்பே மருந்தைச் சோதிக்க விதி எழுதியவர் எங்கள் மருத்துவர் இப்னு சீனா.

மிளகுரசம்: உங்களுடையவரா? பிறந்தது புகாரா பக்கம், இன்றைய உஸ்பெகிஸ்தான். மருத்துவ நூலை எழுதியது அரபியில்.

ஷிராஸ்_ரிட்டர்ன்: 1037-ல் இறந்தது ஹமதானில். சமாதி ஈரானில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

அகார்தட்டு: சமாதியை விடுங்கள், விதிக்கு வாருங்கள். மருந்தை மனித உடலில் சோதிக்க வேண்டும், குதிரையிலோ சிங்கத்திலோ பார்த்தது மனிதனுக்குச் செல்லாமல் போகலாம் என்றவர் அவர். சிங்கமே செல்லாது என்றவருக்கு அகார் தட்டு செல்லுமா? அதிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கொஞ்சம் சுலபமான ஆள். மருந்தைத் தடுக்கும் வெளிச்சவ்வு போர்த்திக்கொண்டிருக்கிற சூடோமோனாஸ் என்ற கிருமி மேல் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், கரைப்பான் வில்லை வைத்தாளா?

புதுவரவு: நடுவில் ஒரு சந்தேகம். எஸ்பந்து விதையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சளி போகுமா?

அகார்தட்டு: தயவுசெய்து வேண்டாம். அதில் ஹார்மைன், ஹார்மலைன் என்ற நச்சுச் சரக்கு இருக்கிறது. வாந்தி, நடுக்கம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது.

ஷிராஸ்_ரிட்டர்ன்: பார்த்தீர்களா, பயமுறுத்துகிறார்! புகை போடுவதைத்தானே நான் சொன்னேன்?

அகார்தட்டு: கேட்டது அவர். பதில் அவருக்கு. உங்களிடம் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: கரைப்பான் வில்லை?

ஓமப்பொடி: வைத்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பார்.

ஷிராஸ்_ரிட்டர்ன்: மஞ்சள் ஆட்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. திங்கட்கிழமை 15 மைக்ரோலிட்டர் விடச் சொல்லியிருக்கிறேன். வட்டம் எவ்வளவு வருகிறது, பாருங்கள்.