72 மணி நேரம் இருக்குன்னு யாரும் மெத்தனமா இருக்காதீங்க

மருந்துக்கடை மாறன்: பெண்கள் நலப் பக்கம் ஒன்றில், "அவசர கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம் இருக்கு, எப்போ போட்டாலும் ஒரே பலன்" என்று எழுதியிருக்கிறார்கள். எரிச்சலா இருக்கு. பாதுகாப்பில்லாத உறவுக்கு அப்புறம் 72 மணி நேரம்ங்கறது கடைசிக் கெடு, அவ்வளவுதான். அந்த மாத்திரையில இருக்கற மருந்து, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி., கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும். முட்டையை வெளியேத்தற எல்.எச். ஹார்மோன் ஏற ஆரம்பிச்ச பிறகு போட்டா பெரிசா வேலை செய்யாது. 1998 உலக சுகாதார நிறுவன ஆய்வைப் பாருங்க: முதல் நாள் போட்டா 95 சதவீதக் கர்ப்பம் தடுக்கப்பட்டது, இரண்டாம் நாள் 85, மூன்றாம் நாள் 58.

செவ்வந்தி: அதே நிறுவனத்தோட நாலு ஆய்வுகளை 2011-ல் சேர்த்துப் பார்த்தாங்களே, அதை ஏன் சொல்லல? முதல் நாலு நாளில் பெரிய வித்தியாசம் தெரியல, ஐந்தாம் நாள்தான் ஆபத்து எகிறுது. 58, 58-னு மிரட்டினா, மூணாம் நாள் வர்ற பொண்ணு "இனி எதுக்கு"ன்னு போடாமலே போயிடுவா.

மாறன்: வித்தியாசம் தெரியலைன்னா வித்தியாசம் இல்லைன்னு ஆயிடுமா? முட்டை எந்த நிமிஷம் வெளியேறும்னு யாருக்கும் தெரியாது. 72-ஐ நம்பி உட்கார்ந்தா நஷ்டம் அவளுக்குத்தான்.

நர்ஸ் கலை: 72-லயே நிக்கிறீங்களே! 5 நாளுக்குள்ள கருப்பையில காப்பர் டி வெச்சா 99 சதவீதத்துக்கு மேல பலன். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 70 கிலோவுக்கு மேல எடை இருந்தா மாத்திரையோட பலன் குறையலாம், அவங்களுக்கு இதுதான் நல்லது.

மாறன்: காப்பர் டி பத்தித் தனிப் பதிவு போடுங்க. மாத்திரைன்னா இதைச் சொல்லுங்க: போட்ட 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மறுபடி போடணும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபைன் சாப்பிடறவங்களுக்கு 1.5 பத்தாது, 3 மி.கி. வேணும்.

செவ்வந்தி: அதெல்லாம் சரி, முதல்ல கடையில குடுக்கறீங்களா? 2005-லயே இந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டாம்னு ஆச்சு. தமிழ்நாட்டுல கேட்டா "இல்லம்மா"ன்னு முகத்தைத் திருப்பறாங்க. நாலு கடை ஏறி இறங்கறதுலயே ஒரு நாள் போயிடுது. அப்புறம் சீக்கிரம் போடுன்னு அவளுக்கே பாடம்!

மாறன்: கடைக்காரங்களைத் திட்டறதுன்னா உங்களுக்கு அல்வா. கருக்கலைப்புக்குக் குடுக்கற மைஃபிப்ரிஸ்டோன், மிசோப்ராஸ்டாலோட இதைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. அந்தக் கருக்கலைப்பு மாத்திரைக்குத்தான் டாக்டர் சீட்டு கட்டாயம்.

செவ்வந்தி: மருந்து படிச்சவங்களே குழப்பிக்கிட்டா, அந்தப் பக்கத்துல எழுதினவங்களை மட்டும் ஏன் திட்டறீங்க?

நர்ஸ் கலை: இதையும் யாரும் சொல்லல. முட்டை தள்ளித்தான் போகுது. அதே மாசம் மறுபடி பாதுகாப்பில்லாம சேர்ந்தா கரு தங்கலாம். ஆணுறை வேணும். மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினா சிறுநீர்ப் பரிசோதனை பண்ணணும்.

மாறன்: பேச்சை மாத்தாதீங்க. "எப்போ போட்டாலும் ஒரே பலன்"ங்கறது தப்பு. 95, 85, 58.

செவ்வந்தி: 2011-ஐப் படிச்சிட்டு வாங்க.