சித்தப்பா 60 – சிகாகோ (குடும்பக் குழு)

சரோஜா பெரியம்மா: சேகர் தம்பியைக் கோர்ட்ல பேசவே கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாராமே? லைசென்ஸ் போயிடுமா?

பிரியா: அம்மா யாரு சொன்னது

சரோஜா பெரியம்மா: நியூஜெர்சியில பேசிக்கிறாங்க

மணி மாமா: அதான் மச்சான் போனை எடுக்க மாட்டேங்கிறாரா

ரேவதி: ஐயோ லைசென்ஸுக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா. அப்பா ரிப்போர்ட்ல கொஞ்சம் வெட்டிட்டாங்க. அருண் சொல்வாரு

மணி மாமா: போச்சு

அருண்: பெரியம்மா, கவலைப்படாதீங்க. கவுண்டி ஜெயில்ல விசாரணைக்குக் காத்திருந்த பையன், டைப் 1 சர்க்கரை. இன்சுலின் கிடைக்காம ரத்தத்துல அமிலம் ஏறி (கீட்டோஅசிடோசிஸ்) இறந்துட்டான். அரசியல் சட்ட உரிமையை மீறிட்டாங்கன்னு அவன் அம்மா ஃபெடரல் கோர்ட்ல வழக்கு போட்டிருக்காங்க, சேகர் மாமா அவங்க தரப்பு நிபுணர் சாட்சி. அவர் பேசக் கூடாதுன்னு எதிர்த்தரப்பு மனு போட்டாங்க. இது வழக்கமா போடுற மனுதான். 1993ல டாபர்ட்ங்கிற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுலருந்து, நிபுணர் சொல்றதுக்கு ஆதாரமும் சரியான முறையும் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஜட்ஜ் ஜூரி முன்னாடி விடணும். 2023 டிசம்பர்ல நிபுணர் சாட்சி பத்தின 702ஆம் விதியையும் திருத்தினாங்க. இருக்குன்னு காட்ட வேண்டியது சாட்சியைக் கூட்டிட்டு வர்ற தரப்போட பொறுப்புன்னு அதுல தெளிவா எழுதிட்டாங்க.

பிரியா: அத்தான் 😂

சரோஜா பெரியம்மா: கண்ணாடி கிட்ட இல்ல. வாய்ஸ்ல போடுங்க மாப்பிள்ளை

மணி மாமா: வேண்டாம் வேண்டாம். எதை வெட்டினாங்க அதை மட்டும் சொல்லுங்க

அருண்: ரெண்டு விஷயம் மாமா. நர்ஸுங்க "தெரிஞ்சே, வேணும்னே விட்டுட்டாங்க"ன்னு எழுதியிருந்தார். அடுத்தவங்க மனசுல என்ன இருந்ததுன்னு டாக்டர் சாட்சி சொல்ல முடியாது, அதை ஜூரிதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு, சேகர் மாமா சர்க்கரை, ஹார்மோன் டாக்டர் (எண்டோகிரைனாலஜிஸ்ட்), ஜெயில்ல வேலை பார்த்ததே இல்ல. அதனால ஜெயில் நர்ஸ் என்ன செஞ்சிருக்கணும்னு அவர் பேசக் கூடாது. அதுக்கு ஜெயில் நர்ஸிங் அனுபவம் உள்ள வேற ஒருத்தர் வர்றாங்க.

மணி மாமா: வேணும்னே 😂😂😂

பிரியா: சித்தப்பா டயலாக்

சரோஜா பெரியம்மா: எங்க கிரகப்பிரவேசத்துக்கு பிரியா அப்பா கூப்பிட மறந்தப்பவும் இதேதான் சொன்னாரு. அப்ப வெட்டுறதுக்கு எந்த ஜட்ஜும் வரல

ரேவதி: பெரியம்மா அது எதுக்கு இப்ப

சரோஜா பெரியம்மா: சும்மா சொன்னேன்

மணி மாமா: கேஸ் புட்டுக்கிச்சா?

அருண்: இல்ல மாமா, முக்கியமானது நிக்குது. இன்சுலின் நின்னா உடம்பு என்ன ஆகும், எந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பான், அதெல்லாம் சொல்லலாம். வெறும் மருத்துவக் கவனக்குறைவு அரசியல் சட்ட மீறல் ஆகாதுன்னு 1976லயே எஸ்டெல்ங்கிற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதான் எல்லாரும் "வேணும்னே"ங்கிற பக்கம் போறாங்க. ஆனா அது தண்டனைக் கைதிக்கு. விசாரணைக் கைதின்னா இல்லினாய் வர்ற செவன்த் சர்க்யூட் அப்பீல் கோர்ட்ல 2018லருந்து அளவுகோலே வேற. கவனக்குறைவு மட்டும் அங்கயும் போதாது, ஆனா நடந்துகிட்ட விதம் நியாயமானதான்னுதான் பார்ப்பாங்க. ஆபத்து அவங்க மனசுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு நிரூபிக்க வேண்டியதில்ல. என்னைக் கேட்டா அந்த வரி போனதுல பெரிய நஷ்டம் இல்ல

மணி மாமா: 👍 (பாதி படிச்சேன்)

பிரியா: ஹால்காரர் அட்வான்ஸ் கேக்குறார். ட்ரையல் எப்போ?

ரேவதி: அக்டோபர் ரெண்டாவது வாரம்னு சொல்றாங்க. தள்ளியும் போகலாம்

பிரியா: நம்ம ஃபங்ஷனும் அதே வாரம்தான்!!

சரோஜா பெரியம்மா: நட்சத்திரத்தைத் தள்ள முடியாது

மணி மாமா: ஜட்ஜுக்கும் ஒரு பத்திரிகை வச்சிடுவோம்

சேகர்: எல்லாத்தையும் படிச்சேன். அந்தச் சார்ட்டை நீங்க பார்த்திருந்தா நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீங்க. மூணு தடவை வாந்தின்னு குறிச்சிருக்காங்க, ஒரு தடவை கூட சுகர் பார்க்கல

ரேவதி: அப்பா கேஸைப் பத்தி இங்க எழுதாதீங்க ப்ளீஸ். எதிர்த்தரப்பு வக்கீல் இதையும் கேட்டு வாங்குவாங்க. அருண் நீங்களும்தான்

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: நீக்கக் கூடாது மாமா!! நீக்கினா அது இன்னும் பிரச்சினை

மணி மாமா: 🤐

சரோஜா பெரியம்மா: தம்பி முதல்ல போனை எடுங்க. கீதாவும் எடுக்கல

பிரியா: வெள்ளிக்கிழமை வரைக்கும் ஹாலை ஹோல்ட்ல வைக்கச் சொல்லியிருக்கேன். அட்வான்ஸ் யாரு கட்டுறீங்க?

மணி மாமா: நெட்வொர்க் சரியில்ல