புதுப்பிப்பு: கார்டு மெஷின் கமிஷன் குறைந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஈரோட்டில் எங்கள் ஜவுளிக்கடையில் எந்தக் கார்டைத் தேய்த்தாலும் வங்கியில் 1.8 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்களே, இது சரியா என்று. சரியே இல்லை.

நீங்கள் சொன்னபடி மாத ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு புடவை பில் ₹4,350, டெபிட் கார்டு. பிடித்தது ₹78.30, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலிருந்து டெபிட் கார்டுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90. எங்களுக்கு 0.90 கணக்குப்படி ₹39.15தான் வரும். ரூபே (நம் நாட்டுக் கார்டு வகை) டெபிட்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து கமிஷனே கிடையாது, அதிலும் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது.

கிளைக்கு இரண்டு முறை அலைந்தேன். வாய்ப்பேச்சு எடுபடவில்லை. டெபிட் வரிகளில் மஞ்சள் கோடு போட்டு, கடிதத்தோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் வேலை நடந்தது. பதினோரு நாளில் பணம் திரும்பி வந்தது.

கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை, பேரம்தான். வேறொரு வங்கியின் கொட்டேஷனைக் காட்டியதும் 1.8 என்பது 1.55 ஆனது. மெஷின் வாடகை பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வாடிக்கையாளரிடமே 2 சதவீதம் கூட வாங்கச் சொன்னவர்களுக்கு: டெபிட் கார்டில் அதற்கு அனுமதி இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கமிஷன் மீதான வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாம் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க மறக்காதீர்கள்.