போர் நடந்தால் சந்தோஷப்பட வேண்டுமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
பனியன் கம்பெனியில் வேலை. காசா போரை ஒட்டி ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கிய சமயத்தில் எங்கள் ஐரோப்பா சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. வீட்டு ஜெபத்துக்கு வரும் ஊழியரோ, "இஸ்ரேல் யுத்தம் இயேசுவின் இரண்டாம் வருகையின் அடையாளம், சந்தோஷப்படுங்கள்" என்கிறார். அமெரிக்காவே இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறதாம். உண்மைங்களா?

போத்தனூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்:
பாதி உண்மைங்க தம்பி. இரகசிய வருகை (இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வது), அதன்பின் உலகத்துக்கு ஏழு வருட உபத்திரவம் என்று வரிசை போட்டுச் சொல்லும் போதனையை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909இல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கப் போதகரின் விளக்கக் குறிப்புகளோடு வந்த வேதாகமம் அதை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. 1948இல் இஸ்ரேல் உருவானதும், 1967இல் எருசலேம் முழுவதும் அதன் கைக்கு வந்ததும், தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று பலர் உறுதியாக நம்பினார்கள்.

அப்புறம் அது ஓட்டாக மாறியது. ஜான் ஹேகி என்ற டெக்சாஸ் போதகர் 2006இல் இஸ்ரேல் ஆதரவுக்கென்றே பெரிய அமைப்பு தொடங்கினார். 2018 மே 14இல் அமெரிக்கத் தூதரகம் எருசலேமுக்கு மாறிய விழாவில் நிறைவு ஜெபம் செய்தவரும் அவரே. அதே நாளில் காசா எல்லையில் பாலஸ்தீனர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் எண்ணெய், ராணுவக் கணக்கு, உள்நாட்டுத் தேர்தல் எல்லாம் சேர்ந்துதான் அமெரிக்கா முடிவெடுக்கிறது. வேத வசனம் மட்டும் காரணமில்லை.

எனக்குத் தாங்காதது வேறு. 2023 அக்டோபரில் காசாவின் புனித போர்பிரியஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். நம் ஜெபங்களில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதா?

ஈரோடு பெந்தெகொஸ்தே சகோதரி:
ஐயா, நாங்கள் இரகசிய வருகையை முழுமனதாக விசுவாசிக்கிறோம். இஸ்ரேலை ஆசீர்வதிக்கிறவர்களைத் தேவன் ஆசீர்வதிப்பார் என்று ஆதியாகமம் 12:3ஐ வைத்துத்தான் ஜெபிக்கிறோம். யாரும் சாக வேண்டும் என்று கேட்பதில்லை.

போத்தனூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்:
உங்கள் விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை, சகோதரி. வருகைக்கு நானும்தான் காத்திருக்கிறேன். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. அப்படியிருக்க, டிவி செய்தியை வைத்து நாள் குறிப்பதையும், பிணம் விழும்போது "சந்தோஷப்படுங்கள்" என்பதையும்தான் எதிர்க்கிறேன். தம்பி, ஊழியரிடம் மரியாதையாகவே கேளுங்க: இயேசு எருசலேமைப் பார்த்து அழுதாரே, நாம் ஏன் சிரிக்க வேண்டும்?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
நன்றிங்க ஐயா. வெள்ளிக்கிழமை வருகிறார், கேட்கிறேன். காசா சபைகளுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறேன்.