டெம்பிளர் சபையை ஒழித்தது கடன்தானா?

பழைய காசாளர்:
முப்பது வருஷம் டிடி எழுதிய கை இது. அதனால்தான் டெம்பிளர்களைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஐரோப்பாவில் பணத்தைக் கட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு, ஜெருசலேமில் காட்டி எடுத்துக்கொள்ளலாமாம். நம்ம டிடியேதான்! 1119 வாக்கில் யாத்ரீகர்களுக்குக் காவலாக ஆரம்பித்த துறவிப் படை அது. சொத்தே வேண்டாம் என்று சத்தியம் செய்தவர்களிடம் இவ்வளவு பணம் எப்படி? வாங்கிய கடனைக் கட்ட மனமில்லாமல்தான் பிரான்ஸ் மன்னன் 4ஆம் பிலிப் அவர்களை ஒழித்தானா?

கல்வெட்டுப் பித்தன்:
சார், வறுமை விரதம் ஆளுக்குத்தான், சபைக்கு இல்லை. நிலமும் வீடும் தானமாகக் குவிந்தன. 1139ல் போப் தசமபாக வரியிலிருந்தும் விலக்குக் கொடுத்துவிட்டார். பிலிப் விஷயத்தில் எனக்கு உறுத்துவது கடனைவிட வேறொன்று. 1306ல் நாணய மதிப்பை மாற்றப்போய், வாடகை ஏறி, பாரிஸ் ஜனம் கொதித்தெழுந்தபோது அவன் ஓடி ஒளிந்ததே டெம்பிளர் கோட்டையில்தான். அடுத்த செப்டம்பரிலேயே கைது ஆணை ரகசியமாகப் போய்விட்டது. அக்டோபர் 12 அன்று அரச குடும்பத்துச் சவ ஊர்வலத்தில் மரியாதையோடு நடந்தார் சபைத் தலைவர் ஜாக் டி மோலே. மறுநாள் விடிவதற்குள் அவர் கையில் விலங்கு.

கடலோரத்தான்:
1291ஐ விட்டுவிட்டீர்களே. அந்த வருஷம் புனித பூமியில் சிலுவைப் படையினரின் கடைசிப் பெரிய பிடியான ஆக்கர் கோட்டை விழுந்தது. ஜெருசலேம் வட்டாரமே கைவிட்டுப் போனது. காவல் காக்க யாத்திரை இல்லாத காவல்காரனை யார் பொறுத்துக்கொள்வார்கள்? இதேபோன்ற இன்னொரு துறவிப் படையான ஹாஸ்பிட்டலர்களுக்காவது வைத்தியசாலை இருந்தது. மதத்துரோகம் என்று குற்றம் சாட்டி, சித்திரவதையோடு பாரிஸில் 138 பேரை விசாரித்தார்கள், நாலு பேர் தவிர எல்லாரும் 'ஒப்புக்கொண்டார்கள்'. பிறகு சபைக்காக வாதாட முன்வந்தவர்களில் 54 பேரை 1310ல் ஒரே நாளில் எரித்தார்கள். 1312ல் போப் 5ஆம் கிளமென்ட் சபையைக் கலைத்து, சொத்தை ஹாஸ்பிட்டலர்களுக்கு எழுதிவைத்தார். மோலே எரிந்தது 1314ல்.

பழைய காசாளர்:
அப்போ பிலிப்புக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

கல்வெட்டுப் பித்தன்:
கிடைக்காமலா? "நான் டெம்பிளர்களிடம் போட்டுவைத்த பணம் எங்கே?" என்று ஹாஸ்பிட்டலர்களை மடக்கினான். 2,00,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) தருகிறோம் என்று 1313ல் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பழைய காசாளர்:
அடப்பாவி! கிளையைப் பூட்டி, மேனேஜரை உள்ளே தள்ளி, லெட்ஜரையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து வங்கி கவுண்டரில் போய் டெபாசிட் கேட்டிருக்கிறான்.